கறுப்பில் மட்டும் அச்சிடும் எந்திரத்துக்கு வண்ணக் கணினிக் கோப்புகளை அனுப்புவோர் கவனத்திற்கு

தேர்வுக்காலம் தோறும் டிஜிட்டல் அச்சகங்களில் நடக்கும் கூத்து, இம்முறை பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளில் அரங்கேறியது. நிற வளையங்களைக் கொண்டு மின்தடையின் மதிப்பைக் கண்டறியச் சொன்ன கேள்வியில், ஊதாவும் சிவப்பும் ஒரே சாம்பலாக நின்றன. மஞ்சள் வளையம் இருந்த இடமே தெரியவில்லை. மாணவர்கள் எழுந்து கேட்ட பிறகுதான் பள்ளிக்குத் தெரிந்தது. உடனே, அதை அச்சடித்துக் கொடுத்த எங்களுக்கு வந்த புகார், "உங்கள் மெஷினில் டோனர் (மைப்பொடி) சரியில்லை" என்பது. வினாத்தாளை நாங்கள் படிப்பதில்லை, படிக்கவும் கூடாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கோப்பு வண்ணத்தில் இருந்தால் எந்திரம் தானாகவே அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடும் என்று நினைக்கிறார்கள். மாற்றத்தான் செய்யும், ஆனால் இரு நிறங்களுக்கு இடையில் உங்கள் கண் காணும் வேறுபாட்டைக் காப்பாற்றித் தரும் பொறுப்பு அதற்குக் கிடையாது. அது ஒவ்வொரு நிறத்தையும் அதன் வெளிச்ச அளவுக்குச் சுருக்குகிறது, அவ்வளவுதான். கணினி எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் கலவையாக, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை அளவிட்டு வைத்திருக்கும். பரவலாகப் பயன்படும் கணக்கின்படி சிவப்பை 0.299 ஆலும், பச்சையை 0.587 ஆலும், நீலத்தை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். 255 அளவுள்ள முழுச் சிவப்பைப் பெருக்கினால் 76 வரும். 130 அளவுள்ள கரும்பச்சையைப் பெருக்கினாலும் அதே 76 தான் வரும். திரையில் கரும்பச்சையும் சிவப்புமாகத் தனித்தனியே தெரிந்த இரு வரைகோடுகள் தாளில் இரட்டையராகிவிடுவது இப்படித்தான். சிவப்பும் பச்சையும் முழுதாகச் சேர்ந்த மஞ்சளோ 226 ஆகி, 255 ஆன வெள்ளையை ஒட்டிப்போய்விடும். டோனரைக் கூட்டச் சொல்வதால் பயனில்லை. சமமாக இருக்கும் இரண்டு சாம்பல்களும் சமமாகவே கறுக்கும்.

வண்ண எழுத்துகளுக்கு வேறொரு கேடு உண்டு. கறுப்பு டோனர் மட்டுமே உள்ள எந்திரம் சாம்பலைப் புள்ளிகளால்தான் காட்டும் என்பதால், இளநீலத்தில் அமைத்த சிறிய எழுத்தின் விளிம்புகள் அரித்ததுபோல் வரும். 'க்' என்பதன் மேற்புள்ளி கரைந்து 'க' ஆகிவிடவும் கூடும். எல்லா எழுத்தையும் கறுப்பாக்கும் வசதி, கணினியிலிருந்து அச்சு எந்திரத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. அதை நம்பி, கருநீலப் பட்டையின் மேல் மஞ்சள் தலைப்பு வைத்தவர்களுக்குக் கறுப்பின் மேல் கறுப்புதான் கிடைக்கும்.

படிவங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஓ.எம்.ஆர். தாளின் கட்டங்கள் இளஞ்சிவப்பில் இருப்பது அழகுக்காக அன்று. ஸ்கேனர் அந்த நிறத்தைப் புறக்கணித்து, மாணவர் இட்ட குறியை மட்டும் எடுத்துக்கொள்வதற்காக. அதையே எங்கள் எந்திரத்தில் ஓட்டினால் கட்டங்களே கறுப்புப் புள்ளிகளாகிவிடும், ஸ்கேனரும் அவற்றைக் குறிகளாக எண்ணக்கூடும். இத்தகைய தாள்களின் வண்ணப்பகுதியை ஆப்செட்டில் (தகடும் மையும் கொண்டு அச்சிடும் முறையில்) முன்னதாக அடித்துக்கொண்டு, பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் எங்களிடம் ஏற்றுங்கள். ஆப்செட் அச்சகத்தாரிடம், இத்தாள் லேசர் எந்திரத்துக்குள் போகப்போகிறது என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். டோனரை உருக்கி ஒட்டவைக்கும் உருளையின் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை எட்டும். காயாத மையும், சூடு தாங்காத மையும் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த தாள்களைக் கறைப்படுத்தும். பொடியை உருக்கி மேலெழும்ப வைத்த எழுத்துகள் கொண்ட லெட்டர்ஹெட்டைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அந்த எழுத்துகள் உள்ளே உருகிவிடும்.

வரைபடக் கோடுகளைப் புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு என்று பிரித்து, ஒவ்வொன்றின் அருகிலும் பெயர் எழுதுங்கள். வளையங்கள் என்றால் நிறத்தின் பெயரையே அம்புக்குறியிட்டுத் தாருங்கள். கணினிக் கோப்பைக் கிரேஸ்கேலுக்கு (வெறும் சாம்பல் சாயல்களுக்கு) மாற்றி நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். அலுவலக இன்க்ஜெட்டில் எடுத்த வண்ணப் பிரதியைப் புரூஃப் (சரிபார்க்கும் மாதிரிப் பிரதி) என்று நீட்டாதீர்கள். ஓடப்போகும் எந்திரத்தில், ஓடப்போகும் தாளில் எடுத்ததே புரூஃப். வினாத்தாள் இரகசியமானது என்றால், அதைத் தயாரித்த ஆசிரியரே அச்சகத்துக்கு நேரில் வந்து ஒரு பிரதியைப் பார்த்துக் கையெழுத்திட்டுப் போகலாம்; பார்த்த பிரதியை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துவிடுகிறோம்.