முற்றிய புற்றுநோய்: மன ஆதரவும் உங்கள் உரிமைதான்

புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கிறது என்று தெரிந்தபின், மருத்துவமனையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஸ்கேன், கீமோ, ரத்தப் பரிசோதனை என்பதோடு முடிந்துவிடுகிறது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்ற குழப்பம், இனி எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்ற கேள்வி... இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாமா என்றே பலருக்குத் தெரிவதில்லை. சொல்லலாம். அதற்கு உதவியும் கேட்கலாம். அந்த உதவியைத் தருவது மருத்துவ அமைப்பின் பொறுப்பு என்று உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்டு பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

2014 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை (உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் அவை), பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் எண் 67.19. இந்தச் சிகிச்சை சுகாதார அமைப்புகளின் அறப்பொறுப்பு என்கிறது அது. நோயைக் குணப்படுத்த முடிந்தாலும் முடியாவிட்டாலும் உடல், மன, சமூக, ஆன்மிகத் துன்பங்களைத் தணிப்பது மருத்துவப் பணியாளர்களின் கடமை என்றும் சொல்கிறது. 'இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை' என்று கைவிரிப்பதற்கு இதில் இடமில்லை. குணப்படுத்தும் வழிகள் தீர்ந்த பிறகும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்பதே தீர்மானத்தின் அடிப்படை.

தீர்மானம் சட்டம் ஆகாது. அதைக் காட்டி நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆனால் அதற்குப் பின்பலமாக 1966-ல் ஐ.நா. ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை இருக்கிறது. அதன் 12-வது பிரிவு உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்தே உரிமை என்கிறது. உறுதிசெய்த நாடுகளை இந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தும். தீராத நோயில் இருப்பவர்களுக்குத் தவிர்க்கக்கூடிய வலி இருக்கக் கூடாது, கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்று இந்தப் பிரிவுக்கு 2000-ல் ஐ.நா. குழு தந்த விளக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் இது எந்தச் சட்டமாக, எந்தத் திட்டமாக வந்திருக்கிறது என்பது வேறுபடும். உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கடைசி நாட்களுக்கு மட்டுமா?

இல்லை. பாலியேட்டிவ் கேர் என்றதும் குடும்பமே கலங்கிப்போவதற்குக் காரணம் இந்தத் தவறான எண்ணம்தான். நோயின் தொடக்கத்திலேயே, கீமோ, கதிர்வீச்சு போன்ற சிகிச்சைகளோடு சேர்த்தே இதைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002-லேயே வரையறுத்துவிட்டது. மரணத்தை விரைவுபடுத்துவதோ தள்ளிப்போடுவதோ இதன் நோக்கம் இல்லை என்றும் அதே வரையறை சொல்கிறது.

2010-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து ஓர் ஆய்வு முடிவு வந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும் கொடுத்தார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் அவர்களில் 16 சதவீதம் பேருக்கு இருந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் 38 சதவீதம். ஆயுளும் குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. இது ஒரு வகைப் புற்றுநோயில் நடந்த ஆய்வு, எல்லோருக்கும் ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இதற்குச் சம்மதித்தால் போராட்டத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்ற பயம் தேவையற்றது என்பதற்கு இது போதும்.

என்னென்ன கேட்கலாம்?

முதலில் வலி. இதை மன ஆதரவுப் பட்டியலில் ஏன் சேர்க்கிறேன் என்றால், அடங்காத வலியே பல நேரம் நம்பிக்கையைத் தின்றுவிடுகிறது. வலி குறைந்ததும் மனம் தானே கொஞ்சம் எழுந்து உட்காருகிறது. கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1977-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது.

அடுத்தது, மனநிலையைக் கேட்டு அளப்பது. காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல மன உளைச்சலையும் வழக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச உளவியல்-புற்றுநோயியல் சங்கத்தின் நிலைப்பாடு. பல இடங்களில் 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வார்கள்; 0 என்றால் உளைச்சலே இல்லை, 10 என்றால் மிகக் கடுமையான உளைச்சல். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். உங்களிடம் யாரும் கேட்கவில்லையா? நீங்களே சொல்லுங்கள்: "இந்த வாரம் மனசு எட்டில் இருக்கிறது, டாக்டர்."

வருத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. சோர்வும் பசியின்மையும் புற்றுநோயாலேயே வரும் என்பதால் மனச்சோர்வு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பிடித்தவர்கள் வந்தாலும் எந்த ஆர்வமும் இல்லாதது, தான் ஒரு பாரம் என்ற ஓயாத எண்ணம், குற்ற உணர்வு ஆகியவை தொடர்ந்தால் மனநல மருத்துவரைக் கேளுங்கள். முற்றிய நிலையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள், யாரையாவது உடன் இருக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு தெரிந்துகொள்வது?

உலக மருத்துவச் சங்கம் 1981-ல் லிஸ்பனில் வெளியிட்டு, பின்னர் விரிவாக்கிய நோயாளி உரிமைப் பிரகடனம் இதில் மிக உதவியானது. தன் நிலைமையை முழுதாகத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. வேண்டாம் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டால் தெரியாமல் இருக்கும் உரிமையும் உண்டு. தனக்குப் பதில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். எந்தக் கட்டத்திலும் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கலாம். சமய, ஆன்மிக ஆறுதலை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம்.

இங்கே தேர்வு செய்பவர் நோயாளி. குடும்பம் பாசத்தில் மறைப்பது புரிகிறது. ஆனால் மறைப்பது தெரிந்துவிட்டால், ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கும் நிலை வந்துவிடுகிறது. "உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

நம்பிக்கை பற்றி

'தைரியமா இருந்தா ஜெயிச்சிடலாம்' என்ற வார்த்தை நல்ல எண்ணத்தில் வருவதுதான். ஆனால் நோய் வளரும்போது, 'நான் போதிய தைரியமாக இல்லை போல' என்ற பழியை அது நோயாளியின் தலையில் வைத்துவிடுகிறது. ஒரே நோய் உள்ளவர்கள் கூடி மனம்விட்டுப் பேசும் ஆதரவுக் குழுவில் கலந்துகொண்ட பெண்கள் அதிக காலம் வாழ்ந்ததாக 1989-ல் ஓர் ஆய்வு சொன்னது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 235 பெண்களிடம் அதைப் பெரிதாகச் செய்துபார்த்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மன உளைச்சல் குறைந்தது, வலியும் குறைவாகவே உணரப்பட்டது. அழுததாலோ பயந்ததாலோ யாருடைய கட்டியும் வளரவில்லை என்பதை இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம்பிக்கை குணமாவதில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. வலியில்லாத ஒரு வாரம், பேசாமல் விட்ட அண்ணனோடு ஒரு பேச்சு, மகளின் தேர்வு முடியும்வரை வீட்டில் இருப்பது: இவையும் நம்பிக்கைகள்தான். இவற்றை டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையையே அதற்கேற்ப மாற்ற முடியும். முக்கியமான நாளுக்கு முன் கீமோவைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. வாழ்க்கையில் எது பொருளுள்ளதாக இருந்தது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவைக்க வேண்டும் என்று பேசவைத்துப் பதிவுசெய்து தரும் 'கண்ணிய சிகிச்சை' என்ற முறையும் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கியது. அதற்கெனப் பயிற்சி பெற்றவர் உங்கள் மருத்துவமனையில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் உலக அளவில் சுமார் 14 சதவீதம் பேருக்கே கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் முதல் முறை 'இங்கே அந்த வசதி இல்லை' என்று பதில் வரலாம். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பாலியேட்டிவ் கேர் பயிற்சி உள்ள டாக்டரோ நர்ஸோ யார், எங்களை எங்கே அனுப்பிவைக்க முடியும்? பரிந்துரையைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் குழு, தொலைபேசி ஆலோசனை உண்டா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 வரையறையில் குடும்பமும் சேர்த்தி. நோய்க்காலத்திலும், இழப்புக்குப் பிறகும். ஆகவே உங்கள் பெயரிலேயே ஆலோசனை நேரம் கேட்கலாம். நோயாளி தனக்கு கவுன்சலிங் வேண்டாம் என்று மறுத்தாலும் நீங்கள் மட்டும் போகலாம்.