நூல் களைதல்

சென்ற மாரியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறு நூலகத்துக்குப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். வாவிக் காற்றின் ஈரத்தில் பாதி அட்டைகள் ஊதிப்போயிருந்தன. நூலகர் அக்கா ஒரு பிஸ்கட் பெட்டியில் 'களையெடுப்பு' என்று தடித்த எழுத்தில் எழுதி மூலையில் வைத்தார். வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிரையே சொல்வோம். அந்தப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "தம்பி, நாமே தேடி வாங்கிய புத்தகத்தைக் களை என்று எழுதலாமா?" என்று கேட்டார்.

நூலகவியலில் 'வீடிங்' என்று ஒரு வேலை உண்டு. இருப்பில் உள்ள நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இனி இந்த நூலகத்துக்கு வேண்டாதவற்றை அலுமாரியிலிருந்து இறக்குவது அது. நூல் தெரிவும் பராமரிப்பும் போல இதுவும் நூலகரின் அன்றாடக் கடமை. புல்பூண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உவமையாக நூலகத்துக்குள் வந்தது. தமிழில் அதை அப்படியே 'களையெடுத்தல்' என்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அக்காவின் மனத்துக்குத்தான் பொருந்தவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

களை யாரும் விதைக்காமல் வருவது. கதிர் வெளிவரும்வரை நெல்லைப் போலவே நின்று ஏமாற்றும் பன்றிநெல்லை எவரும் காசு கொடுத்து வாங்கி விதைப்பதில்லை. நூல் அப்படியல்ல. ஒருவர் தெரிந்தெடுத்து, காசு கொடுத்து வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் சேர்த்து அதற்கான சேர்வு எண் எழுதி வைத்தது. அது பிறவியிலேயே களை அல்ல; அதன் காலம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் வேர் பழையது. 'கள்' என்ற அடியிலிருந்து வந்த 'கட்டல்' என்பதற்குக் களை பறித்தல் என்று பொருள். உழவு அதிகாரத்தில் ஏர், எரு, நீர், காவல் ஆகியவற்றைச் சொல்லும் 1038ஆம் குறளில் 'கட்டபின்' என்று வருவது 'களை பறித்த பின்' என்பதையே குறிக்கிறது. 550ஆம் குறளில் வரும் 'களைகட்டதனொடு' என்பதும் அதுவே. இன்று பத்திரிகைகள் 'திருவிழா களைகட்டியது' என்று எழுதும்போது அந்தக் 'களை' முகக்களையில் வரும் பொலிவு. எழுத்து ஒன்று, பொருள் நேர் எதிர். 'நூலகம் களைகட்டுகிறது' என்று எழுதினால் வள்ளுவர் ஒன்றை நினைப்பார், நாம் வேறொன்றை நினைப்போம்.

பெயராக நிற்கும் 'களை'யை விட்டு வினையைப் பார்த்தால் வழி தெரிகிறது. ஆடை களைகிறோம், அணிகலன் களைகிறோம். நண்பன் இடுக்கண் களைகிறான் என்கிறது 788ஆம் குறள். கழற்றிய ஆடை கெட்ட ஆடை அல்ல. 'களைதல்' இருந்த இடத்திலிருந்து எடுப்பதை மட்டும் சொல்கிறது, எடுக்கப்பட்டதன்மீது பழி போடுவதில்லை. 'களையெடுத்தல்' பழி போடுகிறது. நம் பகுதியில் அதற்கு இன்னொரு கனமும் உண்டு. போர்க்காலத்தில் மனிதர்களை இல்லாமல் ஆக்குவதற்கும் இதே சொல் வழங்கியது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அந்தப் பெட்டியைச் சாதாரணமாகக் கடந்து போகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததும் மனத்தில் இருக்கிறது. நூலை அகற்றுவது என்றாலே நமக்குக் கை நடுங்குவது இயல்பு.

வேறு சொற்கள் உண்டா? 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் நூற்பா இருப்பதால் 'நூற்கழிப்பு' என்று சொல்லலாம் என ஒருவர் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் இங்கே 'கழிப்பு' என்றவுடன் பேய்பிசாசை விரட்டக் கழிப்புக் கழிக்கும் சடங்குதான் முதலில் நினைவுக்கு வரும். 'பதிவழித்தல்' என்பது அரச அலுவலகங்களில் வழங்கும் நல்ல சொல். ஆனால் அது கணக்குப் புத்தகத்தில் நடப்பது. இறக்கலாமா என்று முடிவெடுப்பது அதற்கு முந்தியது. ஆகவே தீர்மானத்துக்கு 'நூல் களைதல்', ஏட்டில் நடப்பதற்குப் 'பதிவழித்தல்' என்று இரண்டையும் பிரித்து வைப்பதே சரி.

கலைச்சொல்லுக்கு ஒருவர், நூலகவியலுக்கு ஒருவர் என இருவர் இங்கே நினைவுக்கு வருகிறார்கள். காரைதீவில் தமிழறிஞர் விபுலாநந்த அடிகளும் சீர்காழியில் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் ஒரே ஆண்டில், 1892இல் பிறந்தவர்கள். அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது விதி. வளரும் உயிர் புதியதை ஏற்கும், பழையதை விடும் என்று அவரே விளக்கினார்.

எதை விடுவது? 1976இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சிறிய, நடுத்தர நூலகங்களுக்காக எழுதப்பட்ட கைநூல் ஒன்றின் பிந்திய பதிப்பு பிழையான தகவல், சிதைவு, புதிய பதிப்பின் வரவு, சாரமின்மை, அவ்வூர் வாசகருக்குப் பொருந்தாமை, வேறிடத்தில் எளிதாகக் கிடைத்தல் என ஆறு காரணங்களைச் சொல்கிறது. விண்டோஸ் 98 வழிகாட்டியை நாங்கள் தயங்காமல் இறக்கினோம். பழைய மருந்துகளைச் சொல்லும் வைத்திய நூலை இறக்கியே ஆக வேண்டும். யாராவது நம்பி அதன்படி செய்துவிடக்கூடும்.

ஆறாவது காரணம் எங்களைப் போன்ற ஊருக்கு இருபக்கமும் கூருள்ள கத்தி. அடித்தட்டில், எங்கள் பகுதியின் மரபுக் கூத்து வகையான வடமோடிக் கூத்தின் பிரதி ஒன்று கிடந்தது. ரோணியோ என்ற பழைய படியெடுக்கும் பொறியில் எடுத்தது. நான்கு மூலைகளும் மடிந்து, ஓரத்தில் இராமபாணப் பூச்சி ஓடிய கோடுகள், கம்பி துருவேறிக் காகிதத்தில் செந்நிறக் கறை. கடைசிப் பக்கத்தில், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் கையெழுத்து. இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தும் திகதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. வாசகர் எடுக்கவில்லை, நூலும் சிதைந்துவிட்டது என்ற கணக்கில் அது முதல் ஆளாகப் பெட்டிக்குள் போக வேண்டும். ஆனால் வேறு எங்கே கிடைக்கும் இது? கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், நினைவு மலர் எல்லாம் இந்த வகை. இரவல் போன எண்ணிக்கையைக் கொண்டு இவற்றை அளக்கவே கூடாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இத்தகைய ஈழத்து வெளியீடுகளை எண்ணிமமாக்கி (டிஜிட்டல் வடிவாக்கி) வருகிறது. அப்படிச் சேர்ந்த பிறகும் மூலப்பிரதி ஊரில்தான் இருக்க வேண்டும்.

மாலையில் அக்கா பெட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு 'களைந்த நூல்கள்' என்று எழுதி ஒட்டினார். சேர்வுப் பதிவேட்டைத் திறந்து, பதிவழிக்கக் குழுவின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டிய எண்களைத் தனித்தாளில் குறித்தார். பிறகு கூத்துப் பிரதியை மடியில் வைத்துத் துருப்பிடித்த கம்பியை நகத்தால் மெல்ல நிமிர்த்திக் கழற்றி, அதே துளைகளில் ஊசி விட்டு வெள்ளை நூலால் தைக்கத் தொடங்கினார்.