மலை மாறியதா, கருவி மாறியதா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிவிடும். பெருமாள்மலை, மச்சூர், அடுக்கம் பக்கமெல்லாம் கோடை மழை இறங்கும்வரை தீயைப் பற்றிய பேச்சுதான். இந்த மாதங்களில் வனத்துறையினர், தோட்டக்காரர்கள், தன்னார்வலர்கள் எனப் பலரும் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் பார்ப்பது செயற்கைக்கோள் தீ எச்சரிக்கையை. இந்திய வன ஆய்வு நிறுவனம் அதைக் குறுஞ்செய்தியாகவே அனுப்புகிறது. செய்தி வரவில்லை என்றால் "இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்த மலையின் காடு, புல்வெளி மாற்றங்களைக் கணக்கிடுவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செய்தி வரவில்லை என்றால் தீ இல்லை என்றும் இருக்கலாம், பார்க்க வேண்டிய கருவி அன்று பார்க்கவே இல்லை என்றும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

2022 மார்ச் கடைசியில் நாசாவின் அக்வா செயற்கைக்கோளின் தரவுப் பதிவு அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. அதிலிருந்து தீயைத் தேடும் மோடிஸ் கருவியின் தரவு இரண்டு வாரம் போல வரவில்லை. நம் மலைக்கு அது நெருப்புக் காலம். அதே ஆண்டு ஜூலை கடைசியில் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் பாதுகாப்பு நிலைக்குப் போனதால் அதே வேலையைச் செய்யும் அதன் விர்ஸ் கருவியின் தரவும் சில வாரம் தடைப்பட்டது. இங்கே அப்போது மழைக்காலம் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. இந்தத் தடைகளை எல்லாம் நாசா அப்போதே அறிவித்தது. ஆனால் "2022 ஏப்ரலில் தீ குறைந்தது" என்று வரைபடம் போடுகிறவர் அந்த அறிவிப்பைத் தேடிப் படித்திருந்தால்தான் உண்டு.

ஒரு கோடையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ராத்திரி பத்து மணிக்குப் பத்திக்கிச்சு மேடம். அணைக்க மூணு மணி ஆயிருச்சு. உங்க சேட்டிலைட்டுக்கு அது தெரியவே இல்லையா?" நியாயமான கேள்வி. விர்ஸ் நள்ளிரவு ஒன்றரை மணிவாக்கில் நம் தலைக்கு மேலே போகும். அது நலமாக இருந்து, வானமும் தெளிவாக இருந்திருந்தால் அந்தத் தீ சிக்கியிருக்க வேண்டும். "இருங்கண்ணே, அன்னிக்கு அது பார்த்துச்சான்னு முதல்ல பாத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மூலக் கோப்பைத் திறந்தேன். கருவி பார்த்துத்தான் இருந்தது. சரிவை முழுக்க மேகம் மூடியிருந்தது.

இந்த மூலக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எச்சரிக்கைப் பட்டியலில் தீப் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும். கோப்பிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறியீடு உண்டு: தரவு இல்லை, நீர், மேகம், தீயில்லாத நிலம், தீ. மேகத்தையும் "தரவு இல்லை"யையும் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் நமக்கு அனுப்புகிறார்கள். அவசரத்துக்கு அதுதான் சரி. வருடக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது போதாது.

கருவியின் உடல்நிலையை யார் பார்க்கிறார்கள்? நம் நாட்டுப் புவி நோக்குச் செயற்கைக்கோள்களை பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் கண்காணிக்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் வகையை கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள மையம் பார்த்துக்கொள்கிறது. படத் தரவு ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் இறங்குகிறது. படத்தோடு இன்னொரு தரவோட்டமும் வந்துகொண்டே இருக்கும்: மின்னழுத்தம், மின்கலத்தின் நிலை, மோட்டாரின் வேகம், கருவியின் வெவ்வேறு இடங்களின் வெப்பநிலை. ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்திருப்பார்கள். எல்லை தாண்டினால் பொறியாளருக்கு எச்சரிக்கை போகும், நிலைமை மோசமானால் செயற்கைக்கோள் தானாகவே கருவிகளை அணைத்துவிட்டுச் சூரியனைப் பார்த்து அமர்ந்துகொள்ளும். வெப்ப அலைகளைப் பார்க்கும் உணரிகள் இன்னும் செல்லப்பிள்ளைகள். விர்ஸ் கருவியில் அவற்றைச் சுமார் 80 கெல்வினில், அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 190 டிகிரிக்கும் அதிகமான குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர் குறைந்தால் அளவீட்டில் தடுமாற்றம், அதாவது இரைச்சல், ஏறும்.

இவையெல்லாம் கருவி உயிரோடு இருக்கிறதா என்பதற்கான சோதனை. அது சரியாக அளக்கிறதா என்பது வேறு கேள்வி, அதுதான் கடினமானது. தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் பூம்பாறையில் யாரும் பூண்டு நிறுத்து வாங்குவதில்லை. செயற்கைக்கோளுக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும், அதையும் அங்கே போய்ச் செய்ய முடியாது. அதனால் சோதனைப் பொருட்களைக் கருவிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். வெப்பத்துக்கு, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கரும்பரப்பு. ஒளிக்கு, சூரிய வெளிச்சத்தைச் சீராகச் சிதறடிக்கும் ஒரு வெள்ளைத் தகடு. அந்தத் தகடே வெயிலில் நாளாவட்டத்தில் மங்கும் என்பதால் அதைக் கண்காணிக்க இன்னொரு சிறு கருவி. இதற்கெல்லாம் மேலே நிலா. காற்றோ மேகமோ செடியோ இல்லாத பரப்பு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும். அமெரிக்காவின் நிலம் நோக்கும் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 8 மாதம் ஒருமுறை உடலைத் திருப்பி நிலாவைப் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. லிபியப் பாலைவனத்தின் சில மணற்பரப்புகளும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன.

இவ்வளவு இருந்தும் தவறுவது உண்டு. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவியில், வெள்ளைத் தகட்டை மூடித் திறக்கும் கதவு 2003இல் மக்கர் செய்தது. மூடிய நிலையில் சிக்கிவிட்டால் சோதனையே செய்ய முடியாது என்பதால் அதை நிரந்தரமாகத் திறந்தே விட்டுவிட முடிவெடுத்தார்கள். விளைவு, தகடு ஒவ்வொரு சுற்றிலும் வெயில் பட்டு வேகமாக மங்கியது. அது போதாதென்று அதே கருவியின் கண்ணாடியும் நீல நிறப் பகுதியில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சரிவு அன்றைய கணக்கீட்டில் முழுதாகத் திருத்தப்படாமல் தப்பியது. பல இடங்களில் தாவரப் பசுமை ஆண்டுக்கு ஆண்டு குறைவதாக டெர்ரா சொன்னது, அதே மாதிரிக் கருவியைச் சுமக்கும் அக்வா அப்படிச் சொல்லவில்லை. காடுகள் வாடுகின்றன என்று ஒரு தரவை மட்டும் நம்பி எழுதியவர்கள் பாவம். 2012இல் இதை ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது, அடுத்த பதிப்பில் மொத்தத் தரவையும் திருத்தி வெளியிட்டார்கள். பழைய பதிப்பை வைத்துக் கணக்குப் போட்ட அறிக்கைகளை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிப்பு எண்ணைக் கேளுங்கள் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

கருவி நன்றாக இருந்து, தரவைத் தயாரிக்கும் முறை மாறினாலும் இதே கதைதான். 2022 ஜனவரி 25 அன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் தரவில் ஒரு மாற்றம் செய்தார்கள். மிக இருட்டான பரப்புகளின் மதிப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் இருக்க, எல்லாப் புள்ளிகளிலும் 1000 என்ற எண்ணைக் கூட்டினார்கள். பயன்படுத்துகிறவர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? சோலைக்காடு சிவப்பொளியில் 3 சதவீதத்தையும் அண்மை அகச்சிவப்பில் 30 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் பசுமைக் குறியீடு 0.82 வரும். அந்த 1000 என்பது 10 சதவீதம், அது இரண்டிலும் கூடினால் அதே காடு 0.51 ஆகிவிடும். ஒரே நாளில் பழனி மலை முழுவதும் பாதி காய்ந்ததுபோல் தெரியும்.

அது ஜனவரி கடைசி என்பதுதான் இதில் விவகாரம். மன்னவனூர், கவுஞ்சி பக்கம் உறைபனி விழுந்து புல் கருகுகிற காலம். குறியீடு சரிவதைப் பார்த்ததும் "இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்று யாருக்கும் தோன்றும். காரணம் கையில் தயாராக இருக்கும்போது கருவியைச் சந்தேகிக்க மனம் வராது. உறைபனி திறந்த புல்வெளியைத்தான் கருக்கும், மதிகெட்டான் சோலையின் உள்ளே அடர்ந்த மரங்களை அப்படி ஒரே நாளில் தொடாது. சோலையும் புல்லும் தேயிலையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஒரே தேதியில் ஒன்றுபோலச் சரிந்தால், அதற்கு மலை பொறுப்பல்ல.

அதனால் நான் எனக்கென்று சில சோதனை இடங்கள் வைத்திருக்கிறேன். இருட்டுக்கு பேரிஜம் ஏரியின் நடுத் தண்ணீர். மாறாத பசுமைக்கு சோலைகளின் உட்பகுதி. வெளிச்சமான பரப்புக்கு மலைமேல் நல்ல இடம் கிடையாது. தூண் பாறை போன்றவை செங்குத்து, நிழல் படும். கீழே திண்டுக்கல் மலைக்கோட்டையின் மொட்டைப் பாறை பரவாயில்லை. மோடிஸ் போன்ற கருவிக்கு அது மிகச் சிறியது, 10 மீட்டர் சென்டினல் படத்துக்குப் போதும். படம் கைக்கு வந்ததும் ஆய்வுப் பகுதியைத் திறக்கும் முன் இந்த இடங்களின் எண்களைப் பார்ப்பேன். லிபிய மணலோடு இவற்றை ஒப்பிட முடியாதுதான். ஆனால் பெரிய கோளாறைப் பிடிக்க இது தாராளம்.

மலைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது நேரம். கொடைக்கானலில் காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பதினொன்று பன்னிரண்டு ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவிடும். டெர்ரா பல ஆண்டுகள் காலை 10:30 வாக்கில் நிலநடுக்கோட்டைக் கடந்தது. பாதையைப் பிடித்து நிறுத்தும் கடைசி உந்தலை 2020 பிப்ரவரியில் முடித்தார்கள். அதன்பின் நேரம் முன்னால் நழுவத் தொடங்கியது, 2022 அக்டோபரில் 10:15-ஐத் தொட்டது, பிறகும் முன்னேறிக்கொண்டே போகிறது. மலையை இன்னும் சீக்கிரம் பார்க்கிறது என்றால் மஞ்சு குறைவாகத் தெரியும், மேற்குச் சரிவுகளில் நிழல் நீண்டு தெரியும். இந்த இருபது ஆண்டுத் தரவை அப்படியே கோடு போட்டால் "கொடைக்கானலில் மேகம் குறைகிறது" என்றுகூட ஒருவர் எழுதிவிடலாம். சமவெளியில் கால்மணி நேரம் பெரிய விஷயமில்லை. இங்கே அது வேறு வானம்.

வெப்பப் படங்களுக்கும் இது பொருந்தும். 2013இல் ஏவிய லேண்ட்சாட் 8இன் வெப்ப உணரியில் பார்வைப் பரப்புக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கசிந்து நுழைந்தது, நிலம் உள்ளதைவிடச் சூடாகத் தெரிந்தது. பின்னர் திருத்தினார்கள். நகரம் சூடேறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் தரவு திருத்தத்துக்கு முந்தையதா பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிச் சொல்வதால் செயற்கைக்கோளை நம்பாதே என்று பொருளல்ல. லேண்ட்சாட் 7இன் கதை அதற்கு நல்ல உதாரணம். 2003 மே 31 அன்று படத்தின் வரிகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் அதன் பகுதி பழுதடைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கறுப்புக் கீற்றுகள். ஆனாலும் மிச்சமிருந்த 78 சதவீதத்தின் அளவுத் துல்லியம் கெடவில்லை. பழுது எது, எவ்வளவு, எங்கே என்று எழுதி வைத்திருந்ததால் அந்தக் கருவி அதன்பின்னும் இருபது ஆண்டு அளவில் உழைத்தது. பழனி மலையின் புல்வெளி நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் பைனும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. 1973லிருந்து வந்த லேண்ட்சாட் வரிசைப் படங்களால்தான் அதைச் சொல்ல முடிந்தது. அவ்வளவு நீண்ட காலத்தில் கருவிகள் மாறின, படத்தின் கூர்மை மாறியது. ஒவ்வொரு கருவியின் நிலையும் பதிவில் இல்லாவிட்டால் 1973இன் புல்லையும் 2014இன் புல்லையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களுக்கு இன்று உலகம் முழுக்க மதிப்பு இருப்பதும் அதே மாதிரிதான், கண்ணாடித் தகட்டோடு கூடவே தேதியும் நேரமும் குறித்து வைத்தார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் இலவசம். தீத் தரவுக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் தடை அறிவிப்புகள் வரும். லேண்ட்சாட்டுக்கு அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனமும், சென்டினலுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையும் தர அறிக்கைகளை வெளியிடுகின்றன. நம் நாட்டுத் தரவுக்கு இஸ்ரோவின் மாஸ்டாக், பூநிதி தளங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் என்ஜினில் சென்டினல் எடுப்பவர்கள் "ஹார்மனைஸ்டு" என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் அந்த 1000 தொல்லை இருக்காது.

டெர்ராவும் அக்வாவும் ஆறு ஆண்டு உழைக்கத்தான் கட்டப்பட்டன. இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டு இப்போது ஓய்வை நெருங்குகின்றன. மோடிஸ் 1 கிலோமீட்டர் புள்ளியில் தீயைத் தேடும், விர்ஸ் 375 மீட்டரில் தேடும். ஒரே தீயை மோடிஸ் ஒரு புள்ளியாகவும் விர்ஸ் பல புள்ளிகளாகவும் காட்டும், மோடிஸ் தவறவிடும் சிறு தீயையும் விர்ஸ் எடுக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டி எழுதினால், விர்ஸ் வந்த ஆண்டில் தீ பெருகியதாகவும் மோடிஸ் நின்ற ஆண்டில் தீ குறைந்ததாகவும் பதிவேடு சொல்லும். ஆகவே சரகங்களிலும் ஊராட்சிகளிலும் தீப் பதிவேடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேதி, இடம், எரிந்த பரப்பு இவற்றோடு எந்தச் செயற்கைக்கோள், எந்தக் கருவி என்று தனிப் பத்திகள் போடுங்கள். தரவு வராத நாட்களில் பூஜ்ஜியம் எழுதாமல் "தரவு இல்லை" என்று எழுதுங்கள். கடந்த சில ஆண்டுகளின் தரவு இரண்டு கருவிகளிலிருந்தும் இணையத்தில் கிடைக்கிறது, அடுத்த பிப்ரவரிக்குள் அவற்றைப் பிரித்து எழுதி முடித்துவிடலாம்.