மீன்குழம்புப் புளி டப்பாவில் வந்தால்

மும்பை சயானில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். தாராவியில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி போன மாதம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். உடம்பு இளைக்க ஜிம் மாஸ்டர் கொடுத்ததாம். ‘கார்சீனியா’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

“அண்ணாச்சி, இது நம்ம கொடம்புளிதானே? மீன்கொழம்புல போடுததுதானே? பின்ன என்ன பயம்?”

கொடம்புளிதான். புகையில் காய்ந்து கறுத்த அந்தத் தோல் இல்லாமல் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது. இங்கே கொங்கணக் கரையோர மால்வணிக்காரர்கள் சோல்கடி என்ற தேங்காய்ப்பால் பானத்துக்குப் போடும் கோகம் பழமும் அதே குடும்பம்தான். இரண்டிலும் இருக்கும் புளிப்புக்குப் பெயர் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். கொடம்புளியின் முதன்மை அமிலம் இதுதான் என்று 1965-ல் அறிவித்தவர்கள் லூயிஸ், நீலகண்டன் என்ற இருவர். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தில் இருந்தவர்கள்.

இது உடம்பில் என்ன செய்கிறது? நாம் சாப்பிடும் சோறு தேவைக்கு மிஞ்சினால், செல்லுக்குள் சிட்ரேட் என்ற பொருளாகத் தேங்கும். ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி, பாக்குவெட்டி மாதிரி அதைத் துண்டு போடும். அந்தத் துண்டுகளைக் கோத்துத்தான் கல்லீரல் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் செய்கிறது. நம் புளியமிலம் பார்வைக்குச் சிட்ரேட் போலவே இருக்கும். பாக்குவெட்டியின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டுப்படாது, இடத்தையும் விடாது.

எலியில் இது நன்றாகவே வேலை செய்தது. மனிதரில்தான் காலை வாரியது. நாம் சோற்றிலிருந்து புதிதாகச் செய்துகொள்ளும் கொழுப்பு கொஞ்சம்தான். பெரும்பங்கு எண்ணெயாகவும் நெய்யாகவும் நேரே வாய்வழி வருவது. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். அமிலம் தினமும் 1,500 மில்லிகிராம். அதைத் தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள்; வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ!

சரி, பலன் இல்லாவிட்டால் போகிறது, குழம்பில் இல்லாத கெடுதல் டப்பாவில் எப்படி வரும்? எங்கள் வீட்டில் ஒரு சட்டிக்கு மூன்று துண்டு. சாப்பிடுவது ஐந்து பேர், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். பரிமாறும்போது தோலை ஒதுக்கிவிடுவோம். தவிர, காயும்போதும் கொதிக்கும்போதும் இந்த அமிலத்தில் ஒரு பகுதி தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு லாக்டோன் என்ற வளையமாகிவிடும். அந்த வடிவத்துக்கு வீரியம் குறைவு. அப்படி ஆகாமல் இருக்கத்தான் கேப்சூலில் கால்சியம், பொட்டாசியம் உப்பாக மாற்றி அடைக்கிறார்கள். அதை வெறும் வயிற்றில், தினம் மூன்று வேளை, மாதக்கணக்கில் விழுங்கச் சொல்கிறார்கள்.

இதே நொதியைத் தடுக்கும் ஆங்கில மருந்தும் உண்டு. பெம்பிடோயிக் அமிலம், கொலஸ்ட்ராலுக்கு. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யூரிக் அமிலம் ஏறலாம், கொலஸ்ட்ராலுக்கே கொடுக்கும் இன்னின்ன ஸ்டாட்டின் மாத்திரையோடு அளவு மீறக்கூடாது என்று மடித்து மடித்து வைத்த தாளோடு வரும். டப்பாவில் அந்தத் தாள் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற ஒரே வரி ஆங்கிலத்தில். இங்கே இதற்கெல்லாம் உணவு உரிமம் போதும்.

அவள் பையில் இருந்தவை சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடும், ஸ்டாட்டின் வகையான அட்டோர்வாஸ்டாட்டினும், நானே கொடுத்தவை. கிளிமிபிரைடு, சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். இளைக்கவேண்டும் என்று சாப்பாட்டைப் பாதியாக்கி, சர்க்கரையைக் குறைக்கக்கூடிய ஒன்றை மேலே போட்டால், லோக்கல் ரயில் கூட்டத்தில் நின்றபடியே வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். ஸ்டாட்டின் விஷயம் வேறு மாதிரி. அதனாலும் சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் ஏறும், கார்சீனியாவாலும் ஏறும்; கல்லீரல் அடிபடுவதன் அடையாளம் அது. இரண்டையும் சேர்த்துத் தின்றால் எது காரணம் என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் தேவையான மாத்திரைதான் முதலில் நிற்கும். காசநோய் மருந்து எடுப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம், அந்த மருந்தே கல்லீரலைச் சோதிப்பது.

மனச்சோர்வு மாத்திரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எஸ்சிட்டலோபிராமும் பிறகு செர்ட்ரலினும் எடுத்த ஒரு பெண், கூடவே கார்சீனியாவும் எடுத்து, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் அளவுமீறி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை 2014-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரே ஒரு நோயாளியின் கதைதான். ஆனாலும் நான் பணயம் வைக்கமாட்டேன்.

கல்லீரல் எல்லாருக்கும் கெடுவதில்லை. எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரிகிறது. கிரீன் டீ சாறு, மஞ்சள்கிழங்கு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களிடமும் இதே வகைதான் தட்டுப்பட்டது. தனக்கு அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யார் டப்பா வாங்குகிறார்கள்?

எத்தனை நாளாய்த் தின்கிறாள் என்று கேட்டேன். மூன்று வாரம். பசி மந்தமா, உடம்பு அரிக்கிறதா, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகிறதா? “பசிதான் இல்ல அண்ணாச்சி, அதுக்குத்தானே திங்குதேன்” என்றாள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இனிமேல் தின்னவேண்டாம், ஆனால் டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோ என்றேன். உள்ளே வேறென்ன கலந்திருக்கிறது என்பது அந்தப் பொடி எழுத்தில்தானே இருக்கிறது.