நாற்றங்கால்: கழிமுகத்தில் இளமீன்கள் வளரும் இடத்துக்கு ஒரு சொல்

ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன்குஞ்சுகள் தங்கி வளரும் பகுதியை ஆங்கிலத்தில் ‘நர்சரி’ என்பார்கள். தமிழில் எழுதும்போது சிலர் இதை ‘வளர்ப்பிடம்’ என்கிறார்கள், சிலர் ‘குஞ்சுப் பண்ணை’ என்கிறார்கள், பலர் நர்சரி என்றே விட்டுவிடுகிறார்கள். வளர்ப்பிடம் என்றால் யாரோ வளர்க்கிறார்கள் என்றாகிவிடும். பண்ணை என்றால் தீவனமும் விற்பனையும்தான் மனதில் வரும். கொள்ளிடம் முகத்தில் கூட்டமாகத் திரியும் மடவைக் குஞ்சுகளை யாரும் வளர்ப்பதில்லை. காவிரி டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது: நாற்றங்கால்.

மீன் வளர்ப்போருக்கு இது புதிய சொல்லும் இல்லை. நுண்குஞ்சுகளை முதலில் விட்டு வளர்க்கும் சிறு குளத்துக்கு ‘நாற்றங்கால் குளம்’ என்றுதான் பெயர். அங்கே சற்று வளர்ந்தவை அடுத்த குளத்தில் விரலளவு ஆனதும் ‘விரலிகள்’ என்ற பெயரோடு பெரிய குளத்துக்குப் போகும். இந்தச் சொல்லை இயற்கையான கழிமுகத்துக்கும் நீட்ட வேண்டும் என்கிறேன்.

‘நாறு’ என்ற வினைக்கு இன்றைய பேச்சில் கெட்ட வாடை என்ற பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. பழந்தமிழில் மணத்தல், தோன்றுதல், முளைத்தல் எல்லாமே அதற்குப் பொருள். முளைத்து வந்தது நாற்று. நாற்றோடு ‘அம்’ சாரியையும் இடத்தைக் குறிக்கும் ‘கால்’ என்பதும் சேர்ந்தால் நாற்றங்கால். ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. ‘நர்ஸ்’ என்பதன் வேர் லத்தீனில் ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் சொல். பாலூட்டும் செவிலியைச் சொன்னது. அதிலிருந்து குழந்தைகளுக்கான அறை, பிறகு செடிகளுக்கான இடம், கடைசியில் மீன்களுக்கான நீர்ப்பரப்பு என்று பொருள் விரிந்தது.

ஆங்கிலச் சொல்லில் ஊட்டுவது முன்னால் நிற்கிறது. நாற்றங்காலில் முன்னால் நிற்பது, முளைத்தது அங்கேயே தங்கிவிடாது, பறித்து வேறு வயலுக்குப் போய்விடும் என்ற எண்ணம். அறிவியல் பிற்காலத்தில் வந்து சேர்ந்த இடமும் இதுதான். நீண்ட காலம், எங்கே குஞ்சுகள் அதிகமாக வலையில் விழுந்தனவோ அதை நர்சரி என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. 2001இல் ‘பயோசயின்ஸ்’ என்ற அறிவியல் இதழில் கடல் சூழலியல் ஆய்வாளர் மைக்கேல் பெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய கட்டுரை இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டது. குஞ்சுகள் தங்கும் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், ஒரு அலகுப் பரப்பிலிருந்து முதிர்மீன் கூட்டத்தில் போய்ச் சேரும் மீன்களின் பங்கு சராசரியாக எங்கே அதிகமோ அதுதான் நர்சரி என்று அவர்கள் வரையறுத்தார்கள். அடர்த்தியோடு வளர்ச்சி, உயிர் பிழைப்பு, முதிர்மீன்களின் இடத்துக்குப் பெயர்ந்து போவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். குறுவைக்கு நாற்று விட்ட விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நாற்றங்கால் அடர்ந்து பச்சைப்பசேலென்று இருந்தால் மட்டும் அவர் நிம்மதி அடைய மாட்டார். பறித்து நட்ட பிறகு எவ்வளவு பயிர் பிடித்தது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அந்த வரையறையிலும் ஒரு குறை இருந்தது. பரப்பளவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், குஞ்சுகள் ஐதாகவே இருந்தாலும் மிகப் பரந்து கிடக்கும் இடம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மொத்தமாகப் பார்த்தால் கடலுக்கு அதிக மீனைக் கொடுப்பது அந்த இடமாகவே இருக்கலாம். 2006இல் வேறு சிலர் இதைச் சுட்டிக்காட்டி, மொத்தப் பங்களிப்பை வைத்தும் அளக்க வேண்டும் என்றார்கள். முத்துப்பேட்டைக் காயலைப் போன்ற பரந்த, ஆழமில்லாத நீர்ப்பரப்புக்கு இந்தத் திருத்தம் முக்கியமானது.

நர்சரியோடு சேர்ந்து வரும் மற்ற ஆங்கிலச் சொற்களையும் பார்த்துவிடலாம். முதலில், ஆறு கடலில் சேரும் இடத்தைக் குறிக்கும் ‘எஸ்சுவரி’. இதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. கழிமுகம், முகத்துவாரம், கயவாய், ஆற்றுமுகம் என்று பல உண்டு. பள்ளிப் புவியியல் நூல்களில் ‘ஓதப் பொங்குமுகம்’ என்று வரும். எஸ்சுவரியின் லத்தீன் வேருக்கும் பொங்கி எழும் ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) என்றே பொருள் என்பதால், அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் வேரைப் பார்த்தே ஆக்கியிருக்க வேண்டும். காவிரி கடலில் புகும் ஊருக்கே புகார் என்று பெயர். ஆறு கடலில் புகும் இடம் என்பது அந்தச் சொல்லின் பொருள். நான் கழிமுகம் என்பதையே தேர்ந்தெடுப்பேன். கழி என்றால் உப்புநீர் ஓடும் ஓடை. நெய்தல் பாட்டுகளில் ‘இருங்கழி’ திரும்பத் திரும்ப வருகிறது, இன்றும் உப்பங்கழி என்று சொல்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை: சில நூல்களில் டெல்டாவையே கழிமுகம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குழப்பம் வராமல் இருக்க டெல்டாவை டெல்டா என்றோ வடிநிலம் என்றோ சொல்லிவிடுவது நல்லது.

ஓர் உயிர் வாழும் சூழலைச் சொல்லும் ‘ஹேபிடட்’ என்பதற்கு வாழிடம் நிலைத்துவிட்டது, அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

நாற்றங்கால் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் ‘மாடல்’ என்பதுதான் சிக்கலானது. மாதிரி என்று எழுதினால் ஆய்வுக்கு எடுத்த தண்ணீரும் மாதிரி, கணினியில் போட்ட கணக்கும் மாதிரி என்றாகிவிடும். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். அதனால் தண்ணீரை ‘நீர்க்கூறு’ என்றும், கணக்கைக் ‘கணித மாதிரி’ அல்லது ‘வாழிட மாதிரி’ என்றும் பிரித்து எழுதுவது தெளிவு.

சரி, வாழிட மாதிரி என்ன செய்கிறது? ஒவ்வொரு வகை இளமீனுக்கும் எந்த உப்பளவு, எந்த ஆழம், எந்தத் தரை, எவ்வளவு ஆக்சிஜன் பொருந்தும் என்று கண்டுபிடித்து, கழிமுகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. இந்த முறையைப் பரவலாக்கியது அமெரிக்காவின் மீன், வனவிலங்குத் துறை. 1980களில் அவர்கள் உருவாக்கிய வாழிடப் பொருத்தக் குறியீடு 0 முதல் 1 வரை போகும். 0 என்றால் அங்கே வாழவே முடியாது, 1 என்றால் மிகப் பொருத்தம்.

மதிப்பெண்களை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன்: ஒரு துண்டில் உப்புக்கு 0.9, தரைக்கு 0.6, ஆழத்துக்கு 0.4 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 0.216, அதன் கனமூலம் 0.6. பரவாயில்லாத இடம். பக்கத்துத் துண்டில் உப்பு 0.9, தரை 0.6, ஆனால் ஆக்சிஜன் 0. கூட்டிச் சராசரி பார்த்தால் 0.5 வரும், பாதிப் பொருத்தம் என்று வரைபடம் காட்டும். பெருக்கிப் பார்த்தால் 0. மூச்சு விட முடியாத நீரில் எவ்வளவு நல்ல சேறு இருந்து என்ன பயன்? பெருக்கல் வழி சொல்வதே மீனுக்கு உண்மை.

இன்னொரு வழி, நேரடியாக வலைக் கணக்கிலிருந்து தொடங்குவது. குஞ்சு பிடிக்க இழுக்கும் வலைகளில் பல வெறுமையாகவே வரும். அந்தச் சுழிகளை மற்ற எண்களோடு கலந்து சராசரி எடுத்தால் விடை கெட்டுவிடும். அதனால் கணக்கை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில், அந்த இடத்தில் மீன் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? அடுத்து, இருந்தால் எவ்வளவு அடர்த்தியாக இருக்கும்? இரண்டையும் பெருக்கினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை கிடைக்கும். பிரான்சின் பிஸ்கே விரிகுடாவில் நாக்கு மீன் வகை ஒன்றின் குஞ்சுகளுக்கு வாழிட மாதிரி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆழமும் தரையும் ஆற்று நீரின் வரத்தும் அங்கே முக்கியமாக நின்றன.

நம் டெல்டாவுக்கு இதைக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே உப்பு ஓரிடத்தில் நிற்காது. வடக்கு ஓரத்தில் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, பழையாறில் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேரில் பிச்சாவரம், பிறகு பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, தெற்கே பாமணியாறும் கோரையாறும் வடியும் முத்துப்பேட்டை. வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெள்ளம் இறங்கினால் முகம் வரைக்கும் நன்னீராகிவிடும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி, கடலளவு உப்புக்கு வந்துவிடும். மேலே மேட்டூரில் திறக்கும் தண்ணீரும் கடைமடை வரை வந்தால் இந்தக் கணக்கை மாற்றும். தரையும் அலையாத்தி மரங்களும் மட்டும் நின்ற இடத்தில் நிற்கின்றன.

ஆகவே நாற்றங்கால் என்பது இங்கே ஒரு நிலையான எல்லை இல்லை. நகரும் உப்பும் நகராத தரையும் சேர்ந்து பொருந்தும் இடம் அந்த மாதத்தில் எங்கே விழுகிறதோ, அதுதான் அந்த மாதத்து நாற்றங்கால். நல்ல உப்பளவு, சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் வேர்களும் மென்சேறும் இல்லாத வெறும் மணல்மேட்டின் மேல் போய் நின்றால், அந்தத் தண்ணீர் குஞ்சுகளுக்கு அவ்வளவாக உதவாது. கொடுவா, மடவை, பால்மீன், வெள்ளை இறால் என்று ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் அளவு வேறு. கொடுவா ஆற்றுவாய்ப் பக்கம் இறங்கி முட்டையிட, அதன் குஞ்சு ஓதத்தோடு உள்ளே ஏறி வரும். மடவை கடலில் முட்டையிட, குஞ்சுகள் கழிமுகத்துக்குத் திரும்பி வரும். அதனால் டெல்டா முழுவதற்கும் ஒரே வரைபடம் போட்டு அச்சடித்துவிட முடியாது. மீனுக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று வேண்டும்.

மாதிரி சொன்னது சரியா என்று எப்படித் தெரியும்? மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல் உதவுகிறது. கத்தாழை மீனைச் சமைத்தவர்கள் அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பார்கள். மீன் வளர வளர அதில் அடுக்கடுக்காகப் படிவு சேரும். பொதுவாக நன்னீரில் இருந்த காலத்து அடுக்கில் பேரியமும், கடல்நீரில் இருந்த காலத்து அடுக்கில் ஸ்ட்ரான்சியமும் கூடுதலாக இருக்கும். கடலில் பிடித்த முதிர்மீனின் கல்லை அறுத்து நடுவை ஒட்டிய அடுக்குகளைச் சோதித்தால், அது குஞ்சாக இருந்தபோது கழிமுகத்தில் வளர்ந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2001 வரையறை கேட்ட ‘போய்ச் சேர்ந்தது எவ்வளவு’ என்ற கேள்விக்கு இது நேரான வழி.

வரைபடத்தில் இன்னொன்றும் சேர வேண்டும்: குஞ்சு உள்ளே வரும் பாதை. உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்கக் கடைமடையில் ரெகுலேட்டர்கள், அதாவது கதவு வைத்த தடுப்புகள் இருக்கின்றன. விவசாயிக்கு அவை அவசியம், அதில் மறுப்பு இல்லை. ஆனால் கதவு மூடியிருக்கும் மாதங்களில் மேற்பகுதியில் உப்பும் ஆழமும் தரையும் எவ்வளவு பொருந்தினாலும் கடலிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்த நீர் எட்டாது. மாதிரியில் பாதையை ஒரு காரணியாகச் சேர்க்காவிட்டால் அந்த இடமெல்லாம் 0.8, 0.9 என்று பச்சையாகத் தெரியும். சேர்த்துப் பெருக்கினால் 0. எந்தக் கதவை எந்த ஓதத்தில் கொஞ்ச நேரம் திறந்தால் எவ்வளவு பரப்பு குஞ்சுகளுக்குத் திரும்பக் கிடைக்கும், வயலுக்கு உப்பு ஏறாமல் எத்தனை மணி நேரம் திறந்து வைக்கலாம் என்பதையும் அதே மாதிரியில் போட்டுப் பார்க்கலாம்.