சர்க்கரை மாத்திரைக்குப் பயம், வலி மாத்திரைக்குப் பயமில்லை

கடலூரில் சிறுநீரக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் நான். போன கோடையில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முந்திரித் தோப்பில் கூலி வேலை, இரண்டு காலும் வீங்கியிருந்தது. "உப்பு ஏறிடுச்சுன்னு சொல்றாங்க சார்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார், கிரியேட்டினின் 3.8. (உப்பு என்று இங்கே சொல்வது யூரியாவையும் கிரியேட்டினினையும், சிறுநீரகம் பழுதானால் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும் கழிவுகள். அதைச் சாப்பாட்டு உப்பு என்று நினைத்து, குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுபவர்களும் உண்டு.)

ஏழு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை எங்கேம்மா என்றேன்.

"அதைப் போட்டா கிட்னி போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க சார், நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு."

சரி, உடம்பு வலிக்கு? அதற்குத் தினமும் கடையில் வாங்கிப் போடுகிறார், போட்டால்தான் மறுநாள் குனிந்து கொட்டை பொறுக்க முடியும். சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். டைக்ளோஃபெனாக்.

இது எனக்குப் பழகிப்போன கதை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது சர்க்கரை மாத்திரை இல்லை, கட்டுக்குள் வராத சர்க்கரையும் பிரஷரும்தான். பழுதான பிறகு சில மாத்திரைகளை நாங்களே குறைப்போம், நிறுத்துவோம். அதைப் பார்த்துத்தான் இந்தப் பயம் பரவியிருக்க வேண்டும். வலி மாத்திரை வேறு விஷயம். வெயிலில் உடம்பு நீர் வற்றிக் கிடக்கும்போது, தனக்கு வரும் ரத்தம் குறைந்துவிடக் கூடாதென்று சிறுநீரகம் ஒரு பொருளைச் சுரந்து ரத்தக்குழாயை விரித்து வைத்துக்கொள்ளும், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியானவை அந்தச் சுரப்பையே தடுத்துவிடும். தோப்பில் கழிப்பறை கிடையாது, அதனால் பெண்கள் பொழுது சாயும்வரை தண்ணீர் குடிப்பதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வேலை கொடுப்பவர்கள்தான் இதை யோசிக்க வேண்டும்.

டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் இலவசம்தான். ஆனால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். பாதிக்கு மேல் பழுதாகும்வரை சிறுநீரகம் வெளியே ஒன்றும் காட்டாது. அதனால் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், வருடம் ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் (அது போனால் சிறுநீரகம் கெடத் தொடங்கியதன் அடையாளம்) பாருங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வலிக்கு என்ன போடலாம் என்பதையும் அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னும் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. போன மாதம் தன்னோடு வேலை செய்யும் மூன்று பேரைக் கூட்டி வந்தார். ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது. வயது 34.