ஒரு குவார்ட்டர் என்றால் எத்தனை டிரிங்க்?

சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரு குவார்ட்டர் அடிக்கும் ஆளிடம் சுகாதார ஆய்வுக் கேள்வித்தாளோடு போய், "குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க் எடுப்பீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுதாங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்று என்றால் ஒரு பாட்டில். கேள்வித்தாளை எழுதியவருக்கோ ஒன்று என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். குவார்ட்டரில் 180 மில்லி, வீரியம் 42.8 சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தி 0.789. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். அதில் பாதியான கட்டிங் என்றால் மூன்று. 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு.

குடியால் வரும் ஆபத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் இது என்ன செய்கிறது பாருங்கள். முதல் மூன்று கேள்விகள்: எத்தனை நாளைக்கொரு முறை குடிப்பீர்கள், ஒரு தடவைக்கு எத்தனை டிரிங்க், ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிப்பீர்கள். நம் சனிக்கிழமைக்காரர் "மாதம் நாலு முறை, ஒண்ணு, ஆறெல்லாம் கிடையவே கிடையாது" என்றால் மதிப்பெண் 2, 0, 0. மொத்தம் 2. சரியாகக் கணக்கிட்டால் 2, 2, 3. மொத்தம் 7. இந்த மூன்று கேள்விகளை மட்டும் வைத்துச் சலிக்கும்போது ஆண்களுக்கு வழக்கமான எல்லை 4. ஒரே ஆள், ஒரே குடி. கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஆபத்துப் பட்டியலில் இருப்பார், அல்லது இருக்கமாட்டார்.

இதைக் களத்துக்குப் போகும் முன்பே பிடிக்க ஒரு முறை உண்டு. பத்துப் பதினைந்து பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வியைப் படித்துக் காட்டுவது. பதிலை அல்ல, பதிலுக்கு வந்த வழியை விசாரிப்பது. "இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க", "ஒண்ணுன்னு சொன்னீங்களே, எதை எண்ணினீங்க?" திருத்தி, புதிதாகப் பத்துப் பேரிடம் மறுபடி. இரண்டு மூன்று சுற்றில் பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். குடி அளவுக்குத் தீர்வு எளிது: குவார்ட்டர், கட்டிங், பீர் பாட்டில் படங்களைக் காட்டிக் கேட்டுவிட்டு, கிராம் கணக்கை டேப்லெட்டிடம் விட்டுவிட வேண்டும்.

மனநலக் கேள்விகள் இவ்வளவு எளிதில் வழிக்கு வருவதில்லை. 'டிப்ரஷன்' என்பதை 'மனச்சோர்வு' என்று பெயர்த்து, வேறொருவரை விட்டுத் திருப்பி ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் அழகாக 'டிப்ரஷன்' என்றே வரும். தேர்வில் பாஸ். ஆனால் வேலூர்ப் பக்கம் காட்பாடியிலோ கணியம்பாடியிலோ ஒருவர் காதில் விழுவது 'சோர்வு' மட்டும். வெயிலில் வேலை செய்தால் வருவது. அவர்களே சொல்லும்போது "மனசே சரியில்ல", "ஒரே ரோசனையா கீது", "நெஞ்சு படபடங்குது" என்றுதான் வரும். திருப்பிப் பெயர்ப்பது படித்த இருவருக்கிடையேயான உடன்பாட்டை மட்டுமே சோதிக்கிறது.

காலமும் கெடுக்கும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. அதில் ஒன்று தூக்கம், ஒன்று களைப்பு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் தூங்கினவர் யார்? முன்னோட்டத்தை மே மாதத்தில் நடத்திவிட்டு முதன்மை ஆய்வை டிசம்பரில் நடத்தினால், இரண்டும் ஒத்துப்போகாததற்கு நோயைக் குற்றம் சொல்ல முடியாது.

மொழி ஒன்று போதாது என்பதும் இந்தப் பக்கத்து உண்மை. பழைய வடஆர்க்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று உருது பேசும் வீடுகள் நிறைய. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு. ஒவ்வொரு மொழிக்கும் அந்த ஒரு மணி நேர விசாரிப்பைத் தனியாக நடத்த வேண்டும்.

அடுத்தது, யார் காதில் விழுகிறது என்ற சிக்கல். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் மாமியார் ஒரு பக்கம், பக்கத்து வீட்டார் ஒரு பக்கம். ஹான்ஸ் போடும் பையன் அம்மா எதிரில் "இல்லை" என்றுதான் சொல்வான். ஊரறிந்த சுகாதார செவிலியரே கேட்டாலும் அதே கதை. கூட இன்னொரு களப்பணியாளர் இருந்து, வீட்டாரிடம் ரேஷன் கார்டு, ஓட்டுவீடா மாடிவீடா என்று நீளமாக விசாரித்துக்கொண்டிருப்பது பழைய தந்திரம். நன்றாகவே வேலை செய்யும். இப்போது தேசிய போதைப்பொருள், உடல்நல ஆய்வு எனப்படும் அமெரிக்க ஆய்வு 1999இல் காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியது: கேள்வி ஹெட்போனில் ஒலிக்கும், பதிலை அவரே அழுத்துவார், கேட்க வந்தவருக்குக்கூடத் தெரியாது. இங்கே செய்வதானால் பதிவான குரல் உள்ளூர்ப் பேச்சில் இருக்க வேண்டும். உண்மைக் கேள்விக்கு முன் "இன்றைக்கு டீ குடித்தீர்களா" போல நாலு பயிற்சிக் கேள்வி வேண்டும்; இல்லாவிட்டால் பாதிப் பேர் டேப்லெட்டைத் திருப்பி நீட்டி "நீங்களே அமுக்குங்க" என்பார்கள்.

பகடை முறை இன்னும் சுவையானது. 1965இல் வார்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனையின் ஒரு வடிவம். பதில் சொல்பவர் மறைவாகப் பகடை உருட்டுகிறார். 1 விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்", 6 விழுந்தால் "இல்லை", மற்றபடி உண்மை. 600 பேரில் 160 "ஆமாம்" வந்தால், சுமார் 100 பகடை சொன்னது. மீதி 60, உண்மை சொன்ன 400 பேரில். ஆக 15 சதவீதம். தனி ஆளை யாரும் காட்டிக்கொடுக்க முடியாது. விலையும் உண்டு: நேராகக் கேட்டுப் பெறும் அதே துல்லியத்துக்கு மூன்றரை மடங்கு ஆட்கள் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, பழக்கமே இல்லாதவர் 1 விழுந்தாலும் "கஞ்சா பிடிச்சேன்" என்று சொல்ல வாய் வராமல் "இல்லை" என்பது. கணக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

இரண்டு வடிவக் கேள்விகளில் எது நல்லது என்று தீர்மானிக்க, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. இங்கே பலரும் சறுக்குவது ஆள் எண்ணிக்கையில். "ஆமாம்" என்பவர் 10 சதவீதத்துக்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க ஒவ்வொரு பாதியிலும் 200 பேர் போதும். 10க்கும் 14க்கும் என்றால் ஒவ்வொரு பாதியிலும் ஆயிரத்துக்கு மேல். தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்தால் அதைப்போல ஒன்றரை மடங்குகூட ஆகலாம். நூறு பேரிடம் கேட்டுவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதும் அறிக்கையை நம்ப வேண்டியதில்லை.

அதே ஆளிடம் 5 முதல் 15 நாளுக்குள் மறுபடி கேட்டுப் பார்ப்பதும் உண்டு. 100 பேரில் முதல் முறை 10 பேர் "ஆமாம்", இரண்டாம் முறையும் 10 பேர்; ஆனால் இரண்டிலும் வந்தவர் 5 பேர்தான் என்று வையுங்கள். 90 பேர் பதில் மாறவில்லை, பிரமாதம் என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலே 82 பேர் ஒத்துப்போவார்கள். அதைக் கழித்துச் சொல்லும் அளவு 'கப்பா', இங்கே 0.44தான்.

எண்ணும் முறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு வேலூரிலேயே சான்று இருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை நேர்ந்த சாவுகளை வீடு வீடாக விசாரித்துக் காரணம் கண்டபோது, தற்கொலை ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 என்று வந்தது. 2003இல் வெளியான ஆய்வு. பதிவேடுகளை வைத்துச் சொன்ன தேசிய விகிதம் அப்போது பத்து, பதினொன்று வாக்கில். ஊருக்கு ஊர் வித்தியாசமும் இதில் உண்டு, எல்லாவற்றையும் முறையின் மேல் போட முடியாது.

அதனால் சோதித்து நல்ல முறையைக் கண்டுபிடித்தாலும் உடனே மாற்றிவிடவும் கூடாது. அமெரிக்க ஆய்வில் 2002இல் பதில் சொல்பவருக்கு 30 டாலர் தரத் தொடங்கினார்கள், ஆய்வின் பெயரும் மாறியது. ஒத்துழைத்தவர்கள் கூடினார்கள், போதைப்பழக்க எண்களும் ஏறின. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. 2020இல் தொற்றுக் காலத்தில் இணையவழிப் பதில்கள் சேர்ந்தபோது மறுபடியும் அதே முறிவு. செலவானாலும், பழைய கேள்வித்தாளையும் புதியதையும் ஓர் ஆண்டு ஒரே மாவட்டங்களில், குலுக்கிப் போட்ட பாதிப் பாதி வீடுகளில் சேர்த்தே ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி தெரிந்தால்தான் பழைய எண்களைப் புதிய எண்களோடு ஒரே கோட்டில் வரைய முடியும்.